பாரிக்கேட் மேல் ஏறி நின்றவர்கள்

சைரன் அலறுகிறது. ஏறி இறங்கும் அலறல். "ஜல்தி! கதவ அடைங்கடா!" படியில் செருப்புச் சத்தம். ஓடுகிறோம். குவைத்தில் ஃபஹாஹீல், 2003 மார்ச். ஈராக்கில் போர் தொடங்கிவிட்டது. குவைத்துக்கு ஏவுகணை வருகிறது என்கிறார்கள்.

ஜன்னலில் பிளாஸ்டிக் தாள். கதவிடுக்கில் டேப். விஷவாயு வந்தால் அது போதுமாம். அறைக்குள் எட்டுப் பேர். வேர்வை.

செல்வம் படிக்கத் தொடங்கினான். எங்கள் கம்பெனி மெக்கானிக். சென்னையில் ஜெர்மன் கற்றவன். 1848-இல் ஜெர்மன் நாடுகளில் ஜனங்கள் ராஜாக்களை எதிர்த்து எழுந்தார்கள். கவிஞர்களும் அவர்களோடு நின்றார்கள். எழுச்சியை நசுக்கியதும் பலர் நாட்டை விட்டு ஓடினார்கள். அப்படி ஓடிய ஒருவரின் கவிதைகளைத் தமிழாக்கி வைத்திருந்தான்.

நானும் கவிதை எழுதுகிறவன்தான். நான் படித்தால் முத்து எழுந்து போய் உப்பு டப்பாவைத் தேடுவான். ராமநாதபுரத்துக்காரன், சைட்டில் குழி வெட்டுகிறவன். பாரிக்கேட் மேல் ஏறி நின்ற ஜனங்களைப் பற்றிய கவிதையைச் செல்வம் படித்தபோது அசையவில்லை. கேள்வி வேறு கேட்டான்.

"பாரிக்கேட்டத் தாண்டுனாலே ஃபோர்மேன் வைவாருல்லண்ணே? இவுக ஏன் அதுமேல ஏறி நிக்கிறாக?"

சைட்டில் பாரிக்கேட் என்றால் குழியைச் சுற்றி வைக்கும் தடுப்பு. யாரும் சிரிக்கவில்லை. செல்வம் விளக்கினான்.

"இது வேற, முத்து. பட்டாளம் உள்ள வராம இருக்க, வீட்டு மேசை நாற்காலியத் தெருவுல போட்டு ஜனங்களே கட்டுனது."

முத்து டேப் ஒட்டிய கதவைப் பார்த்தான். எனக்கு வயிறு எரிந்தது. உயிர் போகிற நேரத்திலும் எரிந்தது. என் கவிதைக்கு ஒரு கேள்வி வர வேண்டும். அதற்குள் சாகக் கூடாது. அவ்வளவுதான் வேண்டினேன்.

மறுநாள் செல்வம் கிடைத்த விமானத்தில் ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் அழுதார்களாம். கவிதைகளும் அவனோடு போயின. எனக்கு உள்ளூரக் குஷி.

மீண்டும் சைரன். டேப் ஒட்டுகிறோம். நான் படிக்கிறேன். நல்ல கவிதை, இன்றைக்கும் சொல்வேன். முத்து கடைசி வரை கேட்டான். பிறகு வாய் திறந்தான்.

"அண்ணே, நாட்ட விட்டு ஓடுனாரே அந்தக் கவிஞரு. அவரு திரும்ப ஊருக்குப் போனாரா?"

கையிலிருந்த என் கவிதைத் தாளை மடித்தேன். சைரன் ஓய்ந்தது.

எங்கள் அறையின் இழப்பு இது. உயிர்ச்சேதம் இல்லை. செல்வம் போனான், திரும்பவில்லை. பின்னாலேயே முத்துவும் ஊருக்குப் போனான். எனக்கு வாய்த்தது ஒரே கேள்வி. அதுவும் செல்வம் படித்த கவிதைக்கு.