பளபளப்பானவை

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள், கங்காஸ் மேடம். தோட்டாவும் அப்படித்தான். ராணுவம் வேண்டாமென்று கழித்ததை அப்பா தகரப் பெட்டியோடு வாங்குவார். அவரைவிட வயதான தோட்டாக்கள். இந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரும் அதைத்தான் சுடுகிறார்கள்.

போன மாதம் ரெய்னோவுக்கு நடந்ததைப் போலீஸில் நீங்கள்தானே விசாரிக்கிறீர்கள்? சொல்கிறேன். கார் கதவை மட்டும் சாத்திக்கொள்ளலாமா? அங்கே சுடும் சத்தத்தில் நான் சொல்வது கேட்காது.

தோட்டாவில் பழைய வெடிமருந்து சில சமயம் தாமதமாகத்தான் பற்றும். அதனால் விசையை அழுத்தி ‘டிக்’ என்று மட்டும் கேட்டால், துப்பாக்கியைக் குறிப்பலகைக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டை நோக்கியே பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ண வேண்டும். பின்பக்கத்து போல்ட்டை இழுத்துத் திறக்கக் கூடாது; திறந்தால் முகத்திலேயே வெடிக்கலாம். ஜூனில் எனக்கு அப்படி ஆயிற்று. ஐந்து எண்ணும்போது வெடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. என் ஜீன்ஸ் மட்டும் நனைந்துவிட்டது.

அதை ரெய்னோ பார்த்துவிட்டான். லெம்பி அத்தையின் மகன், என்னைவிட மூன்று வயது பெரியவன். அன்றிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து எதையாவது டமால் என்று போடுவான்.

"என்னடி சைமா, எண்ணி முடிச்சியா? டயப்பர் கொண்டாரவா?"

கடையில், சர்ச்சில், எல்லோர் முன்னாலும். அவன் எண்ணவே மாட்டான். "டிக்குன்னா செத்த தோட்டா. வெளிய தள்ளிட்டு அடுத்தத சுட வேண்டியதுதான். மாமா மாதிரி எண்ணிட்டிருந்தா பொழுது விடிஞ்சிரும்" என்பான். அவனுக்கும் ஒருமுறை பயம் வர வேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றும் பெரிய ஆசை இல்லையே.

ஜூனில் நான் சுட்ட அந்தத் தோட்டா ஒரு பெட்டியின் அடியில் இருந்தது. அந்த மூலையில் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஈரம் இறங்கி, அங்கிருந்த தோட்டாக்கள் பச்சை பூத்துக் கிடந்தன.

"பச்ச புடிச்சதையெல்லாம் தனியா பொறுக்கி வைம்மா. கிளப்புல குடுத்து அழிச்சிரலாம்" என்றார் அப்பா. பொறுக்கினேன். நாற்பத்தொன்று. கொடுத்துவிட்டதாகச் சொன்னேன்.

கொடுக்கவில்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, துணியை வினிகரில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பித்தளை தங்கம் மாதிரி வந்தது. பத்தை ரெய்னோவின் பெட்டியில் வைத்தேன். மீதியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அப்பாவின் பெட்டியிலேயே கலந்துவிட்டேன்.

போன மாதம் அவன் அதைச் சுட எடுத்தான். நான்காவது தோட்டா ‘டிக்’ என்றது. நான் பக்கத்துச் சுடும் மேசையில் இருந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போல்ட்டை இழுத்தான். வலது கண் போய்விட்டது. இரண்டு விரலும்.

அவன் பயப்படுவான் என்றுதான் நினைத்திருந்தேன். பயப்பட அவனுக்கு நேரமே இருக்கவில்லை.

அத்தை எங்கள் வாசலில் நின்று, "எம்புள்ள கண்ணத் தின்னுட்டியேடா வைனோ" என்று அப்பாவிடம் கத்தினாள். அப்பா நாலு நாள் சாப்பிடவில்லை. பிறகு ஷெட்டில் உட்கார்ந்து, மொத்தப் பெட்டியையும் கொட்டி, மங்கலாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினார். பளபளப்பானதை மட்டும் வைத்துக்கொண்டார்.

"பாரு சைமா, எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"ஆமாம்ப்பா" என்றேன். அவர் ஒதுக்கியதுதான் நல்ல தோட்டா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பாரோ என்று பயமாக இருந்தது. அவர் மனசுதான் முக்கியம் என்று விட்டுவிட்டேன்.

இன்றைய போட்டிக்கு அந்தத் தோட்டாக்களைத்தான் ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். நான் துடைத்த முப்பத்தொன்றும் மற்ற பளபளப்பானவற்றோடு அதில் கலந்திருக்கின்றன; எது எது என்று எனக்கே தெரியாது. இப்போது கேட்பது நிதானச் சுற்று, அதில் எண்ணுவதற்கு நேரம் உண்டு. அடுத்தது வேகச் சுற்று. ஒரு நிமிடத்தில் பத்து. அதில் யாரும் எண்ண மாட்டார்கள். அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன்.

இல்லை, எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் ஒரு பெட்டி கொடுத்தார். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். ரெய்னோவின் தங்கை ஐலிதான் ஓடி வந்தாள்.

"உன் எடத்துல நான் சுடறேன்டி. அண்ணன் பேரச் சொல்லி ஒரு கப்பாவது தூக்கிட்டு வரேன். குடு அத."

கொடுத்தேன். ஐந்தாவது மேசை, சிவப்புத் தொப்பி. சீக்கிரம் போனால் தடுத்துவிடலாம். ஆனால் மேடம், நான் யோசிக்காமல் கொடுக்கவில்லை. ஐலிக்குத் துப்பாக்கி என்றால் பயமே கிடையாது. என்னைவிட அவள் தாங்கிக்கொள்வாள் என்று தோன்றியது.