ஏழு விண்ணப்பங்களில் என் கைபேசி எண் வந்த விதம்

பெயர்: ஆ. மகா. தந்தை பெயர்: ஆதிகேசவன். வயது: 24. படிப்பு: பி.எஸ்ஸி., மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். வேலை: காக்ஸ் டவுனில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வசிப்பது: ஜோகுபாளையம், பெங்களூரு.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேற்று உதவி ஆய்வாளர் மஞ்சுநாத் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லாமல் நின்றது எதையும் மறைப்பதற்காக அல்ல. பழக்கமில்லாதவர்கள் எதிரில் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தரட்டுமா என்று பெண் காவலர் பிரிஜெட் அவர்களிடம் கேட்டேன். அவர் அனுமதி வாங்கித் தந்தார். ஏழாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். கன்னடம் பேசுவேன், எழுதினால் பிழை வரும். அதற்கும் மன்னிக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரி இடங்களை மாணவர்களின் பெயரில் பிடித்து வைத்துப் பிறகு விற்கும் கும்பல் ஒன்றைப் பற்றி விசாரணை நடப்பதாகவும், 2019 முதல் இந்த ஆண்டு வரை ஏழு மாணவர்களின் விண்ணப்பங்களில் ஒரே கைபேசி எண் இருப்பதாகவும், அந்த எண் என்னிடம் இருப்பதாகவும் சொல்லி, நேற்று திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் வேலை செய்யும் இடத்தில் என் கைபேசியைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். எண் என்னுடையதுதான். ஏழு விண்ணப்பங்களிலும் அது இருப்பதும் உண்மை. அவற்றில் முதலாவது என்னுடைய விண்ணப்பம். கடைசியானது பக்கத்து வீட்டு சங்கமித்ராவுடையது. அவளுக்கு வயது பதினெட்டு. கலந்தாய்வின் இரண்டாம் சுற்றில் அவளுக்குப் பீதர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. அந்த இடத்தை ஏற்பதாக நாளை புதன்கிழமை மாலை நான்கு மணிக்குள் அவள் பதிவு செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பதிவு செய்யும்போது வரும் ஓடிபி இந்தக் கைபேசிக்குத்தான் வரும். எண்ணை மாற்றலாம் என்றால் அதற்கான ஓடிபியும் இதற்கே வரும். இதே எண்ணில் வேறு சிம் வாங்கினால் ஒரு நாள் செய்தி எதுவும் வராது என்று கடையில் சொல்கிறார்கள். இதை நேற்றே நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

இனி, எண் வந்த விதத்தை வரிசையாக எழுதுகிறேன்.

நான் நீட் தேர்வு எழுதியது 2019-இல். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. முடிவு வந்த பிறகு, ஜூன் மாதத்தில், கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட அப்பா என்னைச் சிவாஜிநகரில் கிருஷ்ணப்பா என்பவர் நடத்தும் கணினி மையத்துக்குக் கூட்டிப்போனார். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அன்று அரை நாள் வேலையை விட்டு வந்திருந்தார். எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை சுவரில் ஒட்டியிருந்த கல்லூரிப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கிருஷ்ணப்பா கைபேசி எண் கேட்டார். அப்பா தன் எண்ணைச் சொன்னார். கிருஷ்ணப்பா அதற்கு அடித்துப் பார்த்தார்.

"இது போகலியே அண்ணா."

"ரீசார்ஜ் முடிஞ்சிருச்சு சார்."

"முடிஞ்ச நம்பரக் குடுத்தா முடிஞ்ச சீட்டுதான் வரும். போய் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஒரு தடவ போட்டுட்டா படிப்பு முடியற வரைக்கும் மாத்தக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

அதன் பிறகு அப்பா பேருந்து நிலையத்துக்கு வெளியே குடைக்குக் கீழே சிம் விற்பவரிடம் போய்த் தன் பெயரில் ஒன்று வாங்கி வந்தார். சிம் அப்பாவின் பெயரில் இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. மாற்றக் கூடாது என்று கிருஷ்ணப்பா சொன்னதை அப்பா கோயிலில் வேண்டிக்கொண்டதைப் போல எடுத்துக்கொண்டார். அன்று மாலையே, வேலையில் மீந்த நீல எனாமலை எடுத்து, வீட்டுக்குள் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தப் பத்து எண்களையும் சாண் உயரத்துக்கு எழுதினார். கதவு திறந்திருந்தால் சந்தில் நின்றே படிக்கலாம். இன்றும் அழியாமல் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

எனக்கு வந்த தரவரிசையில் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் சேர்பவர்களில் ஆண்டுக்கு இருவருக்கு முழுக் கட்டணமும் கட்டிப் படிக்கவைக்கும் அறக்கட்டளை ஒன்று இருப்பதாகப் பள்ளியில் சொன்னார்கள். விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு வரச் சொன்ன செய்திதான் அந்த எண்ணுக்கு வந்த முதல் செய்தி. அப்பா அதை அழிக்க விடவில்லை. கைபேசி மாறியபோது அதைப் படம் எடுத்து வைத்தேன். இப்போது தங்களிடம் இருக்கும் கைபேசியில் அந்தப் படம் இருக்கிறது.

நேர்முக நாளன்று காலையில் அப்பா பெயின்டைக் கரைக்கும் தின்னர் ஊற்றிக் கையைத் தேய்த்துக் கழுவினார். இருந்தும் நகக்கண்களில் வெள்ளை போகவில்லை. காத்திருக்கும் கூடத்தில் பதினான்கு பிள்ளைகள் இருந்தோம். நாங்கள் இருந்த வரிசையில் மட்டும் தின்னர் வாசனை வந்தது. எல்லோரும் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ரெண்டு கோட்டுதான் அடிச்சிருக்கான். மூணு அடிச்சிருக்கணும்" என்று என் காதில் சொன்னார்.

அதன் பிறகு என்னை உள்ளே அழைத்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள். ஏன் டாக்டராக விரும்புகிறாய் என்று டாக்டர் ஜூடித் என்ற அம்மையார் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் கேட்டார். பதினைந்து நாள் மனப்பாடம் செய்த பதில் எனக்கு வரவில்லை. அவர் வெளியே போய் அப்பாவை அழைத்து வந்தார்.

"சார், உங்க பொண்ணு எப்பவுமே இப்படித்தானா?"

"வீட்டுலயும் அப்படித்தாம்மா. ஆனா எல்லாத்தயும் பாத்து வெச்சிருக்கும். போன வருசப் பொங்கலுக்கு நான் என்ன சட்ட போட்டிருந்தேன்னு கேளுங்க, கரெக்டா சொல்லும்."

டாக்டர் ஜூடித் சிரித்துவிட்டு என் முன்னால் ஒரு தாளை வைத்து, இந்தக் கட்டடத்துக்குள் வந்ததிலிருந்து பார்த்ததை எழுது என்றார். வாசல் காவலாளி வலது காலில் மட்டும் பாரம் போட்டு நடப்பதை எழுதினேன். எனக்கு முன்னால் உள்ளே போன பெண் ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்துக் குழலைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததையும், அதைப் பிடித்தபடியேதான் அவள் உள்ளே பதில் சொல்லியிருப்பாள் என்பதையும் எழுதினேன். நடுவில் உட்கார்ந்திருந்த ஐயா நான் வந்த பிறகு நான்கு முறை தண்ணீர் குடித்ததையும் எழுதினேன். டாக்டர் ஜூடித் படித்து அவரிடம் நீட்டினார். அவர் படித்ததும் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அப்பா என்னைக் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போய் போண்டா சூப் வாங்கித் தந்தார்.

"அவ்ளோ நேரம் என்ன எழுதின?"

"பாத்தத எழுதினேன்."

"என்னப் பத்தி ஏதாச்சும் எழுதினியா?"

"உன் கையப் பத்தி எழுதினேன்."

"பெயின்டு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுப்பா."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளதானே, பரவால்ல. ஆஸ்பத்திரிக் கலரு" என்றார்.

நான் தேர்வாகவில்லை. அறக்கட்டளையிலிருந்து வந்த பதில் மரியாதையாகவே இருந்தது. விசாரணைக்குத் தேவையா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த ஆண்டை நினைத்தால் எனக்கு வருத்தம் வருவதில்லை. கைபேசி மணி அடித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார். அப்பா ஏணியிலிருந்து இறங்கி வேலை இடத்திலிருந்து பேசுவார், "ஏதாச்சும் வந்துச்சா?" என்று. வீட்டில் எல்லோரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருந்தது அந்த ஆண்டு ஒன்றுதான். அதன் பிறகு நான் ஆய்வகப் படிப்பில் சேர்ந்து, முடித்து, வேலைக்குப் போகிறேன்.

எங்கள் சந்தில் யாருக்கும் ஓர் எண் ஓர் ஆண்டுக்கு மேல் தங்காது. எந்தக் கம்பெனி சலுகை தருகிறதோ அந்த சிம்முக்கு மாறுவார்கள். மாறாத எண் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது ஒன்றுதான். ஆங்கிலத்தில் வரும் செய்தியைப் படித்துச் சொல்லவும் நான் இருந்தேன். அதனால் காஸ் சிலிண்டருக்கும், ரேஷனுக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் அந்த எண்ணையே கொடுக்கத் தொடங்கினார்கள். பலர் என்னைக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் சங்கமித்ராவின் அம்மா சின்னத்தாயி அத்தை நான் வேலை செய்யும் நிலையத்துக்கே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்:

"வெறும் வயித்துல வந்திருக்கீங்களாம்மா?"

"இல்லியே, நாலு இட்லி சாப்ட்டேன். ஏன், சிலிண்டர் நம்பருக்கு வெறும் வயித்துல வரணுமா?"

சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் எண் என் கைபேசிக்கு வந்திருந்தது, அதை வாங்கத்தான் அவர் வந்திருந்தார். அந்த நிலையத்தில் இன்றும் என்னைக் கேலி செய்வது இதைச் சொல்லித்தான்.

2021 முதல் 2024 வரை எங்கள் சந்திலும் அடுத்த சந்திலும் ஐந்து பிள்ளைகள் மருத்துவக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தார்கள். ஐவரும் இதே எண்ணைக் கொடுத்தார்கள். ஒருவர் பல் மருத்துவம் படிக்கிறார், இருவர் நர்சிங், மற்ற இருவர் வேறு படிப்புக்குப் போனார்கள். பெயர், முகவரி தனித்தாளில் இணைத்திருக்கிறேன். யாருடைய இடத்தையும் நான் பிடித்து வைக்கவில்லை. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை.

சங்கமித்ரா அதிகம் பேசாதவள், என்னைப் போல. சின்னத்தாயி அத்தை அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறார். கடந்த ஜூலையில் அவர்கள் வீட்டில், புத்தர் படத்துக்குக் கீழே இருக்கும் மேசையில், நாங்கள் மூவரும் உட்கார்ந்து கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்தோம்.

"எந்தக் காலேஜுக்கு நம்ம ஸ்டாப்புல இருந்து பஸ் போவுதோ அத மொதல்ல போடு கண்ணு" என்றார் அத்தை.

"அம்மா, ரேங்க்குக்கு எது கிடைக்குமோ அதத்தான் போடணும்" என்றாள் சங்கமித்ரா.

"கெடைக்கறதுல பஸ் போறதப் போடுன்னுதான் சொல்றேன்."

எல்லாவற்றையும் போட்டோம், பஸ் போகாதவற்றையும். அவள் ஒவ்வொரு பெயரையும் அழுத்துவதற்கு முன் என்னைப் பார்த்தாள். எனக்குக் கிருஷ்ணப்பாவின் மையத்துச் சுவர் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒதுக்கீடு வந்த செய்தியைப் பார்த்ததும் நான் செருப்பில்லாமல் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அத்தை மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

"பீதரா? அது எந்தப் பக்கம்?"

"மேல, அத்த. ராத்திரி பூரா பஸ்ல போவணும்."

"ஏறி உக்காந்தா போய்ச் சேராதா என்ன" என்று சொல்லிவிட்டு மறுபடி கரைக்கத் தொடங்கினார். கரைத்த மாவையே வெகுநேரம் கரைத்துக்கொண்டிருந்தார். சங்கமித்ரா என் கைபேசியை வாங்கி அந்தச் செய்தியை மூன்று முறை படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். ஏற்றுக்கொள்ளும் பக்கம் திங்கள் மதியம்தான் திறக்கும் என்று அதில் இருந்தது. அதனால் திங்கள் மாலை நான் வேலை முடிந்து வந்ததும் பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். அன்று காலையில்தான் கைபேசி இங்கே வந்தது.

நேற்று உதவி ஆய்வாளர் அவர்கள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்கன்னு நாங்க ஊரெல்லாம் ஒட்டிட்டு வர்றோம். நீ ஒருத்தி ஊருக்கே சொல்லிட்டு இருக்கே. ஹேளம்மா, சொல்லு, யார் உனக்கு இத சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். இப்போது பதில் எழுதுகிறேன்: யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எண் மாறாமல் இருந்தது, கேட்டவர்களுக்குப் படித்துச் சொன்னேன். அது தவறு என்றால் தவறு என்னுடையது. பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை.

இதில் நான் பார்த்ததையும் செய்ததையும் தவிர வேறு எதுவும் இல்லை. யாரும் சொல்லித் தந்தோ பயமுறுத்தியோ எழுதவில்லை. ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்து, உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஆ. மகா
23.09.2025, மாலை 5.40

கையெழுத்துக்குக் கீழே எழுதலாமா என்று தெரியவில்லை. பிரிஜெட் அவர்கள் எழுது என்றார். கைபேசியை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். விசாரணை முடியும்வரை இங்கேயே இருக்கட்டும். நேற்று கொடுக்கும்போதே அதில் சார்ஜ் குறைவாக இருந்தது. நாளை காலையில் யாராவது அதைச் சார்ஜில் போட்டு ஆன் செய்து வைத்தால் போதும். திறக்க வேண்டியதில்லை, செய்தி மேலேயே தெரியும். சங்கமித்ராவைப் பத்து மணிக்கு வரச் சொல்கிறேன். அவள் அம்மாவின் கைபேசியில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். தானாக உள்ளே வரமாட்டாள், கூப்பிட வேண்டும். ஆறு எண்கள் வரும், பத்து நிமிடம்தான் செல்லும். தயவுசெய்து யாராவது ஒருவர் அவளுக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டிரண்டாகச் சொன்னால் அவள் சரியாகப் போட்டுவிடுவாள்.