கும்மிமேடு

கேளுங்கய்யா, ரயிலு வராத காலம். எங்க நெடுங்கரட்டுப்பட்டியில வாந்திபேதி வந்துச்சாம். வந்தது சும்மா வரலை, வீட்டுக்கு வீடு வாரிக்கிட்டுப் போச்சாம். ஊருக்கு வெளிய ஒரு கொட்டாயப் போட்டு, படுத்தவங்களை அங்க கொண்டு தள்ளிட்டாங்க. பெத்தவங்களே எட்டிப் பாக்கலை.

பாத்தவ யாரு? பிரசவம் பாக்குற வெள்ளத்தாயி. கூட ரெண்டு பொம்பளைங்க. பீயள்ளுறதும் அவங்கதான், சங்குல கஞ்சித்தண்ணி ஊத்துறதும் அவங்கதான், பொணம் தூக்குறதும் அவங்கதான். பாத்துப் பாத்துக் கை நடுங்கிப் போச்சாம். ஊத்துன தண்ணி வாய்க்குள்ள போகலை, கழுத்துல வழிஞ்சுச்சாம்.

வெள்ளத்தாயி என்ன செஞ்சா? சாம்பல் போட்டுக் கையைக் கழுவிட்டு, ரெண்டு பேரையும் பின்னாடி மேட்டுக்கு இழுத்துட்டுப் போயி கும்மி கொட்டுனாளாம். பாடுனாங்களாம், அழுதாங்களாம், சிரிச்சாங்களாம். திரும்பி வந்தா கை நடுங்கலையாம்.

ஊருக்குப் பொறுக்குமா? நாட்டாமை உக்கிரபாண்டி வந்து குதிச்சாராம்.

"சாவுக் கொட்டாயில கும்மியா? ஆத்தா கோவம் தீருமாடி? இனி சத்தம் வந்துச்சு, நாக்கை அறுத்துப்புடுவேன்!"

பாட்டு நின்னுச்சு. ஒருத்தி ஓடிப்போயிட்டா. இன்னொருத்தி சுவரைப் பாத்துப் படுத்துட்டா. வெள்ளத்தாயிக்கும் கை பழையபடி ஆடுது. தண்ணி பானையில இருக்கு, ஊத்த நிக்குற கை இல்லாம சனம் நாக்கு வறண்டு செத்துச்சாம்.

அப்பத்தான் நாட்டாமை மக பொன்னுருவி படுத்தா. அவரே தூக்கிட்டு ஓடியாந்தாரு. வெள்ளத்தாயி சங்கை எடுத்தா. தண்ணி வழியுது.

"ஊத்துடீ!"

"கை நிக்கலைய்யா."

"நிக்க என்ன செய்யணும்?"

"பாடணும் சாமி."

தலப்பாவை அவுத்துக் கக்கத்துல வச்சாராம் மனுசன். "பாடுங்க தாயி"ன்னாராம்.

சுவரைப் பாத்துப் படுத்திருந்தவளை எழுப்பிக்கிட்டு வெள்ளத்தாயி மேட்டுக்குப் போனா. பாடிட்டு வந்தா. கை கல்லாட்டம் நின்னுச்சு. ஊத்துனா, ஒரு சொட்டு சிந்தலை. ஆனா பிள்ளை முழுங்கலைய்யா. போயிட்டா.

நாட்டாமை கத்தலையாம். "அடுத்த பாய்க்குப் போ தாயி"ன்னாராம். அந்தப் பாயில கெடந்தவன் பொழைச்சான். அவன் வம்சம்தான் நாங்க.

இன்னைக்கும் பங்குனிப் பொங்கலுக்கு மொதக் கும்மி, ஆஸ்பத்திரி நர்சம்மாமாருக்குத்தான். அந்த மேட்டுல அவங்க பாடாம எங்க ஊருல கொட்டு எடுக்க மாட்டோம். நாட்டாமை வீட்டு ஆம்பள ஒருத்தன் தலப்பாவை அவுத்து, "பாடுங்க தாயி"ன்னு கேக்கணும். கேக்குறவன் நிமிந்து நின்னு நான் பாத்ததே இல்லை.