குணவதியின் குடுவை

சரி... இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க.

விருத்தாசலத்துல குணவதின்னு ஒரு அம்மா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி பாதியில கல்யாணம் ஆச்சு, படிப்பு நின்னு போச்சு. பையன் ஒன்பதாவது வந்தப்புறம் மறுபடி காலேஜுக்குப் போறாங்க. மாமியார் என்ன சொன்னாங்க? "இந்த வயசுல ஆசிடைக் கலக்கி என்ன பண்ணப் போற?" இந்தம்மாவுக்கு ரோஷம். மறந்த பாடத்தையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்துல ஆரம்பிச்சு திரும்பப் படிச்சாங்க.

ஆனா லேப்ல மாட்டிக்கிட்டாங்க. குடுவையில காரக் கரைசலை அளந்து ஊத்தி, ரோஸ் கலர் வர்றதுக்கு ரெண்டு சொட்டு இண்டிகேட்டர் விடணும். மேல இருந்து ஆசிடைச் சொட்டுச் சொட்டா விடணும். ரோஸ் கலர் மறைஞ்சதும் நிறுத்தி, எவ்வளவு ஆசிட் ஆச்சுன்னு பாக்கணும். அவ்வளவுதான். கூட இருக்கற சின்னப் பொண்ணுங்களுக்கெல்லாம் சரியா வருது. இந்தம்மாவுக்கு மட்டும்... கூடுதலா வருது. திரும்பச் செய்யறாங்க. திரும்பவும் கூடுதல்!

அழுதுட்டாங்க. "மேடம், எனக்கு எல்லாம் மறந்து போச்சு. நாளையில இருந்து நான் வரல."

மேடம் இவங்களைவிட வயசுல சின்னவங்க. "இருங்கம்மா. என் முன்னாடி ஒரு தடவை செய்ங்க."

இவங்க ஆரம்பிச்சாங்க...

"நிறுத்துங்க! குடுவையை எதுல கழுவினீங்க?"

"காரக் கரைசல்லதான் மேடம். எல்லாத்தையும் அதனதன் கரைசல்லயே அலசணும். இது ஒண்ணுதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

"ஆசிட் சொட்டற பியூரெட், காரம் அளக்கற பிப்பெட், இதுங்களுக்குத்தாம்மா அப்படி. குடுவைக்கு வெறும் தண்ணி. நீங்க அளந்து ஊத்தறதுக்கு முன்னாடியே உள்ள கொஞ்சம் ஒட்டிட்டிருக்கு... அப்புறம் அளவு எப்படிச் சரியா வரும்?"

குணவதி போய்க் குழாய்த் தண்ணியில கழுவிட்டு வந்தாங்க. அளவு கச்சிதமா வந்துச்சு. இப்போ கடைசி வருஷம் படிக்கறாங்க.

கவனிச்சீங்களா? மறந்ததையெல்லாம் திரும்பப் படிச்சாங்க. எது நல்லாத் தெரியும்னு நினைச்சாங்களோ... அதை மட்டும் யார்கிட்டயும் கேக்கல. அதுதான் காலை வாரிவிட்டுச்சு.

இங்க எத்தனை பேர் கூடப்பிறந்த அண்ணன்கிட்ட வருஷக்கணக்கா பேசாம இருக்கீங்க? சமாதானமாப் போகணும்னுதான் கிளம்பறீங்க. ஆனா மனசுல என்ன? "அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா!"... அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே உள்ள பழசு ஒட்டிட்டிருக்கு. அப்புறம் அவர் என்ன சொன்னாலும் உங்களுக்குக் கூடுதலாத்தானே தெரியும்?

போங்க. கண்டிப்பாப் போய்ப் பேசுங்க. ஆனா வாசப்படி ஏறறதுக்கு முன்னாடி... குடுவையைத் தண்ணியில கழுவிட்டுப் போங்க.