தொப்பியைச் சரிசெய்த கை

அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு வழி போவதே தெரியாது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கையில் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட் முடிந்த இரண்டு பெண்கள். இளையவள் தென்காசிப் பக்கம் என்று அவள் பேச்சே சொன்னது.

“படிச்சதை மறைச்சுல்லாக்கா வேலைக்குச் சேந்தேன்,” என்றாள்.

“இன்னாடி சொல்ற? ப்ளஸ் டூன்னு தானே சொன்ன?”

“காலேஜுல மூணு வருசம் கம்ப்யூட்டர் படிச்சேன். டிகிரின்னா லைன்ல எடுக்க மாட்டாவ, பாதியில ஓடிருவோம்னு நினைப்பாவ. அதான் வாயத் திறக்கல.”

“அடிப்பாவி! ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் வேணும், டிகிரி படிச்சவங்க யாருனா கீறீங்களான்னு காலையில சூப்பர்வைசர் கேட்டாரே. கையத் தூக்கறதுக்கு இன்னா?”

“தூக்கிட்டேன்க்கா. கை தானாப் போயிட்டு. பொய் சொல்லிச் சேந்தவன்னு தெரிஞ்சா இருக்கிற வேலையும் போயிருமேன்னு, தொப்பியச் சரிபண்ற மாதிரி அப்படியே இறக்கிட்டேன்.”

“அப்ப அந்த வேலைக்கு யாரு?”

“வெளிய இருந்து எடுப்பாவளாம்.”

இளையவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, நாளெல்லாம் லைனில் நின்ற பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அப்போது போன் அடித்தது.

“சொல்லுங்கப்பா… ஆமாப்பா, கம்ப்யூட்டர் வேலை நல்லாப் போகுது… சேச்சே, நாள் பூரா உக்காந்தே இருக்கல. நீங்க சொன்ன மாதிரி அப்பப்ப எந்திச்சு நிக்கேன்ப்பா.”