பெரியம்மா வீட்டு நீல வெளிச்சம்

மேடையிலிருக்கும் நம் வானியல் ஆய்வக இயக்குநர் அவர்களே, நிறமாலைப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த பேராசிரியரின் அன்பு மகளே, வணக்கம்.

நம் நீலம்மா இல்லாத இந்தக் கருத்தரங்க அறையில் நான் பேசுவது இதுவே முதல் முறை. பாதிப் பேச்சில் குறுக்கிட்டு, "ஆதாரம் எங்கய்யா?" என்று கேட்க யாருமில்லை. மனம் வலிக்கிறது நண்பர்களே!

பேராசிரியருக்கு 'நீலம்மா' என்று பட்டப்பெயர் ஏன் வைத்தோம்? ஆயுசு முழுக்க அவர் பார்த்தது பிரகாசமான ஒரே ஒரு நீள்வட்ட விண்மீன் மண்டலத்தை. நமக்கு அது பட்டியலில் வெறும் எண். அவருக்கு அது 'பெரியம்மா'. அங்கே இருப்பதெல்லாம் வயதான, சிவந்த விண்மீன்கள். புதிதாகப் பிறப்பது எப்போதோ நின்றுபோயிற்று என்றோம். ஒப்புக்கொண்டாரா? "அவ்வளவு பெரிய வீட்டுல ஒரு சின்னப் பிள்ளைகூடவா இருக்காது?" என்று, இளம் விண்மீன்களின் நீல ஒளியைத் தேடிக்கொண்டே இருந்தார்.

கிடைத்தது! இதே அறையில் அறிவித்தார். எதையாவது கண்டுபிடித்தவர், மற்ற எல்லோருக்கும் டீ வாங்கித் தருவது நம் வழக்கமல்லவா? வாங்கித் தந்தார். சில வாரங்களில் அவரே திரும்ப வந்து நின்றார். "அது பெரியம்மா வீட்டு விளக்கு இல்லப்பா. தெருவுல நின்ன யாரோட டார்ச் லைட்டோ!" என்றார். நமக்கு அருகிலுள்ள ஒரு விண்மீன் அதே திசையில் நின்று, தன் ஒளியையும் கலந்துவிட்டிருந்தது. தலை குனிந்தாரா? மறுபடியும் எல்லோருக்கும் டீ சொன்னார்!

"இது எதுக்கும்மா?" என்றேன்.

"தப்பைக் கண்டுபிடிச்சதும் கண்டுபிடிப்புதானேய்யா. குடி, ஆறிடப் போகுது."

நாம் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நாட்கள் இனி வருமா?

அந்த ஒளியைக் கழித்த பிறகும் துளி நீலம் மிஞ்சியது. அது இளம் விண்மீன்களுடையதா, வயதாகியும் சூடு தணியாதவற்றுடையதா? அதை அறியத்தான் அடுத்த மாதம் தொலைநோக்கியில் அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் போய்விட்டார்.

மகளே, நேற்று நீ கேட்டாயே, "அம்மாவோட நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடுவீங்களா, அங்கிள்?" என்று.

கொடுக்க மாட்டோம்! இயக்குநர் சற்றுமுன் ஒப்புதல் தந்துவிட்டார். உன் அம்மாவுக்காக நாங்கள் பார்ப்போம். பிள்ளை இருந்தால் இருக்கிறது என்போம். இல்லையென்றால், இல்லை என்பதையும் இதே அறையில் இதே குரலில் சொல்வோம். விடை எதுவானாலும் அன்று எல்லோருக்கும் டீ உண்டு. நீயும் வா, மகளே. ஆறுவதற்குள் குடித்துவிடுவோம்.