பனிப்பொழிவு பூஜ்யம் என்று எழுதப்பட்ட நாள்

ப்ரெக்கன் கவுண்டி ஷெரீப் அலுவலகம், வடக்கு டகோட்டா. 18 பிப்ரவரி 1982, வியாழக்கிழமை, காலை 10.10. பதிவு செய்பவர்: துணை ஷெரீப் டேல் ஹோஃப்.

பெயர்: திருமதி ஒட்டிலியா வாங்லர். வயது: 75. கணவர்: காலஞ்சென்ற பயஸ் வாங்லர். முகவரி: புனித அன்னாள் ஆலயத்துக்கு வடக்கே நான்கு மைல். தொழில்: கோதுமை விவசாயம். முப்பத்தொரு வருடமாக வானிலை அலுவலகத்துக்கு ஊதியமின்றி அளவெடுத்து அனுப்புபவர்.

நான் மேற்படி முகவரியில் ஐம்பத்து மூன்று வருடமாக வசித்து வருகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் லியாண்டர் டெர்னஸ், பூட்டியிருந்த வீட்டை உடைத்து நுழைந்து எட்டு ஓக் நாற்காலிகளை எரித்ததாக வீட்டின் உரிமையாளர் திரு. கார்ட்ரைட் புகார் கொடுத்திருக்கிறார் என்றும், வழக்குப் பதிவானால் லியாண்டர் இனிப் பேருந்து ஓட்ட முடியாது என்றும் அறிந்து, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். அன்று புயலே இல்லை என்பதற்குப் புகாரில் காட்டியிருக்கும் சான்று, வானிலை அலுவலகத்துக்காக நான் கைப்பட எழுதிய தாள். அதில் பிப்ரவரி 9ஆம் தேதிக்கு நேராகப் பனிப்பொழிவு பூஜ்யம் என்று இருக்கிறது. எழுதியது நான்தான். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று காலை 8 மணிக்கு வெப்பமானியைப் பார்த்தேன். பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு. காற்று இல்லை. தரையில் பழைய பனி பதினொரு அங்குலம் இருந்தது. சூரியனுக்கு இரு பக்கமும், அதைப் போலவே ஒளிரும் இரண்டு பொய்ச்சூரியன்கள் தெரிந்தன. காற்றிலிருந்த ஈரம் உறைந்து பொடிப்பொடியாக மின்னியபடி இறங்கிக்கொண்டிருந்தது. அது அளவில் சேராது. நான் தேவையானதற்கு மேல் இரண்டு நிமிடம் வெளியே நின்றேன்.

பருவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம், சம்பவத்துக்கு வரலாம் என்று டேல் கூறினார். பருவம்தான் சம்பவம் என்று நான் கூறினேன். இந்தக் கவுண்டியில் ஏப்ரலில் சேறு முழங்கால் வரை வரும், ஜூனில் கோழிமுட்டை அளவு ஆலங்கட்டி விழுந்து வளரும் பயிரைப் பத்து நிமிடத்தில் படுக்க வைக்கும், செப்டம்பர் நடுவில் முதல் உறைபனி விழும். இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஜனவரியில் காலடியில் பனி கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே எத்தனை டிகிரி என்று என் கணவர் சொல்வார், இரண்டு டிகிரிக்கு மேல் தவறியதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரியது, பிப்ரவரியில் தெளிந்த வானத்தின் கீழே வரும் காற்று. அப்போது மேலிருந்து ஒரு துகளும் விழாது. கிடக்கிற பனி முழுவதும் எழுந்து ஓடும். பனிப்பொழிவுக் கட்டத்தில் வானத்திலிருந்து புதிதாக விழுந்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி.

அன்று 8.20க்கு வடமேற்கிலிருந்து அந்தக் காற்று வந்தது. அதன் பிறகு சமையலறை ஜன்னலில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேலே நீல வானமும் வெயிலும் இருந்தன. மூன்று மைல் தள்ளியுள்ள தானியக் கிடங்கின் உச்சி வெயிலில் தெரிந்தது. அதற்குக் கீழே நிலம் முழுவதும் பால் ஆறு போல ஓடியது. அவ்வளவு அழகானதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஆற்றுக்குள் ஏழு பிள்ளைகளுடன் லியாண்டரின் பேருந்து இருந்தது.

அதன் பிறகு பெற்றோர்கள் தொலைபேசியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பேருந்து பள்ளிக்கும் போகவில்லை, வீடுகளுக்கும் திரும்பவில்லை. மாலை 4.10க்குக் காற்று நின்றது. மாடி ஜன்னலிலிருந்து, ஒன்றேகால் மைல் தூரத்தில் திரு. கார்ட்ரைட்டின் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவதைக் கண்டேன். அது நவம்பரிலிருந்து ஆளில்லாத வீடு. உடனே என் கணவரின் டிராக்டரை எடுத்துக்கொண்டு, சாலையில் குவிந்திருந்த பனியைத் தள்ளியபடி போனேன். அந்த வீட்டிலிருந்து தொண்ணூறு அடி தூரத்தில் பேருந்து நின்றது. இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே மாவு அடைத்த மாதிரி பனி.

வீட்டுக்குள் சமையலறை அடுப்பைச் சுற்றி ஏழு பிள்ளைகளும் இருந்தார்கள். லியாண்டர், "வாங்க வாங்லர் அம்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா உக்கார நாற்காலி இருந்திருக்கும்" என்றார்.

"எத்தனை எரிச்சே?"

"எட்டு. மேசையைத் தொடல. டப்பா பீச் பழம் நாலு காலி. எழுதிக்குங்க, நீங்க எழுதாம விடமாட்டீங்க."

"இவரு எங்கள ஜெபமாலை சொல்ல வெச்சாரு, அதுல நாலாவது தேவரகசியமே இவருக்கு மறந்துபோச்சு" என்று ஒரு பெண்பிள்ளை என்னிடம் புகார் கூறினாள். பத்து வயதுள்ள அவள் பெயர் வெரோனிகா. அவளுடைய இடது கையில் இரண்டு விரல் நுனி மெழுகு போல வெளுத்திருந்தது.

அதன் பிறகு லியாண்டரைத் தனியே அழைத்து விசாரித்தேன். பேருந்து நின்றதும், மேலே தெரிந்த மரங்களின் உச்சியை வைத்து வீட்டை அடையாளம் கண்டதாகவும், பிள்ளைகளின் கழுத்துத்துணிகளை ஒன்றோடொன்று முடிந்து வரிசையாக இழுத்து வந்ததாகவும் கூறினார். தொண்ணூறு அடி நடக்க நான்கு நிமிடம். அதன் பிறகு கதவு. "கதவு பூட்டியிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. பனி ஒட்டி இறுகியிருக்குன்னு நெனச்சு தோளால இடிச்சுக்கிட்டே இருந்தேன். பூட்டைக் கையால தடவிப் பாத்தப்புறந்தான் ஜன்னலை ஒடச்சேன்." இடித்தது ஆறேழு நிமிடம் இருக்கும் என்றார். வெரோனிகாவின் விரல்கள் அந்த நேரத்தில்தான் வெளுத்தன. நகம் விழும், விரல் தங்கும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார்.

லியாண்டர் செய்ததில் எதுவும் தவறில்லை. நானாக இருந்தாலும் அதைவிடச் சரியாகச் செய்திருக்க மாட்டேன். இப்படி நான் யாரைப் பற்றியும் எளிதில் சொல்வதில்லை என்பது டேலுக்குத் தெரியும், சிறு வயதில் அவருக்கு ஆலயத்தில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தது நான்.

புயலைப் பற்றி என் தாளின் குறிப்புக் கட்டத்தில் எதுவும் இல்லையே என்று டேல் கேட்டார். அன்று மாலை டிராக்டர் ஓட்டிய குளிரில் விறைத்த என் விரல்களால் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை, எண்களை மட்டும் எப்படியோ எழுதினேன். "இப்ப ஒரு வரி எழுதிடுங்களேன், லியாண்டருக்கு நல்லது, யாரு பாக்கப் போறாங்க" என்றார். அந்த நாளில் எழுதாததை வேறொரு நாளில் எழுதுவதில்லை. முப்பத்தொரு வருடத் தாளில் ஒரு வரி பொய்யானால் மீதி எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த வாக்குமூலம்.

இன்னும் ஒன்று உண்டு. இங்கே குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டை யாரும் பூட்டுவதில்லை, அடுப்பருகே விறகும் தீப்பெட்டியும் வைத்துவிட்டுப் போவார்கள். நவம்பரில் திரு. கார்ட்ரைட் வேட்டை முடிந்து ஊருக்குப் புறப்படும்போது ஒரு பூட்டையும் சாவியையும் என்னிடம் கொடுத்தார். நான் இந்த வழக்கத்தைச் சொன்னேன். "என் வீடும்மா அது" என்றார். பூட்டுவதாக வாக்குக் கொடுத்தேன், பூட்டினேன். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லியாண்டர் நேராக ஜன்னலுக்குப் போயிருப்பார். அந்த ஆறேழு நிமிடமும் என்னுடையது. வழக்குப் போடுவதானால் லியாண்டரின் பெயருக்கு மேலே என் பெயரை எழுத வேண்டும். அந்தப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து இந்த மேசை மேல் வைத்திருக்கிறேன்.

இதை நானே படித்துப் பார்த்தேன். நேரங்களுக்கு முன்னால் டேல் சேர்த்திருந்த ‘சுமார்’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன். மீதி முழுவதும் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது முழுவதும் நடந்தபடியே இருக்கிறது.

கையெழுத்திடும் நேரம் 11.05. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று. காற்று வடமேற்கு, ஏறிக்கொண்டிருக்கிறது. புதிய பனி இல்லை. என் வீட்டைப் பூட்டாமல் வந்திருக்கிறேன்.

(ஒப்பம்) ஒட்டிலியா வாங்லர்